பத்து ரூபாய் பல்பு

போன வாரம் பரணில் பழைய காகிதங்களைக் கிளறியபோது அப்பா காலத்துக் கரண்டு பில் அட்டை கிடைத்தது. ரீடிங் எடுக்க வருபவர் கையால் எழுதிவிட்டுப் போவாரே, அந்த வெள்ளை அட்டைதான். பார்த்ததுமே "ஆளில்லாத ரூம்ல என்னத்துக்குடா லைட்டு எரியுது?" என்று அம்மா போடும் சத்தம் ஞாபகம் வந்தது.

அணைக்கச் சொன்னார்களே தவிர, பல்பையே மாற்றலாம் என்று யாரும் சொன்னதில்லை. 60 வாட்ஸ் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 18 யூனிட். 9 வாட்ஸ் எல்.இ.டி.க்கு 3 யூனிட்கூட வராது. எங்கள் வீட்டில் நாலு குண்டு பல்பு! அப்பா கணக்குத் தெரியாதவர் இல்லை. ஆனால் குண்டு பல்பு பத்து ரூபாய், சி.எஃப்.எல். நூறு ரூபாய்க்கு மேல். மாசக் கடைசியில் பல்பு ஃப்யூஸ் போனால் எதை வாங்குவார்? காசு கம்மியாக இருப்பவன்தான் கரண்டுக்கு அதிகம் கட்டினான்.

இந்த முடிச்சை அவிழ்க்க 2009-ல் மத்திய அரசு 'பச்சத் லேம்ப் யோஜனா' கொண்டுவந்தது. குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். மீதி விலையை கார்பன் கிரெடிட் விற்று ஈடுகட்டுவதாக ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. உலகச் சந்தையில் கார்பன் கிரெடிட் விலை சரிந்ததும் திட்டமும் படுத்துவிட்டது.

அடுத்த முயற்சி நம் பக்கத்திலேயே, புதுச்சேரியில் 2014-ல் தொடங்கியது. அரசு மின்துறை நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இ.இ.எஸ்.எல். மொத்தமாக எல்.இ.டி. வாங்கி வீடுகளுக்குப் பத்து ரூபாய்க்குக் கொடுத்தது. ஆமாம், குண்டு பல்பு விலைக்கே! நிறுவனம் கொடுத்த விலையோ ஒன்றுக்கு 310 ரூபாய். 2015 ஜனவரியில் திட்டம் நாடு முழுக்கப் போனது (பிறகு 'உஜாலா' என்று பெயர் மாறியது). கோடிக்கணக்கில் டெண்டர் விட விட, 2017-க்குள் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. எல்லாம் டெண்டரின் சாமர்த்தியம் என்று நான் சொல்லமாட்டேன். அதே சமயத்தில் உலகம் முழுக்க எல்.இ.டி. விலை விழுந்துகொண்டிருந்தது. ஆனாலும், இலவசமாகக் கொடுக்காமல் மொத்தமாக வாங்கியே விலையை இறக்கியது பெரிய காரியம்தான்.

இப்போது வீட்டில் எல்லாமே எல்.இ.டி. அம்மா மட்டும் சத்தம் போடுவதை நிறுத்தவில்லை. "ஒம்போது வாட்ஸ்தாம்மா" என்றேன்.

"ஒம்போதுன்னா சும்மாவா வருது? போய் அணைடா."