கஹ்வாவும் அளவும்

ஹிஜ்ரி 917, அதாவது கி.பி. 1511-இல் மக்கா நகரில் ஒரு விசாரணை நடைபெற்றது. குற்றம் சாட்டப்பட்டது மனிதரல்லர். 'கஹ்வா' என்று அரபுமக்கள் அழைத்த காப்பி! மம்லூக் ஆட்சியின் அதிகாரியான காயிர் பேக், ஆலிம்களையும் மருத்துவர்களையும் கூட்டினார். அது உடலுக்குக் கேடு என மருத்துவர் இருவர் சான்று பகரவே, காப்பி தடைசெய்யப்பட்டது. ஆயினும், பின்னர் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணை, காப்பியின் பெயரால் கூடிய முறையற்ற கூட்டங்களைக் கண்டித்ததேயன்றி, அப்பானத்தை முற்றாக விலக்கவில்லை.

எமன் நாட்டுச் சூபிகள் இரவு திக்ரில் கண்ணயராதிருக்கவே இதனைப் பருகி வந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் அவர்கள் ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார்கள் என்பது செவிவழிச் செய்தி. அம்மலைத்தொடர் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

மக்காவில் எழுந்த வினா, 'ஆகுமா, ஆகாதா?' என்பதே. 'எவ்வளவு ஆகும்?' என்று அளந்து கூற அன்று வழியில்லை. 1819-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் ருங்கே காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்த பின்னரே அதற்கு வழி பிறந்தது. மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசின் அமரவேண்டிய இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொள்கிறது. ஆகவே களைப்பு தீர்வதில்லை, மறைந்து நிற்கிறது. உட்கொண்டதில் பாதி நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். அளவு மிஞ்சினால் உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், மனப்பதற்றம் ஆகியவை தொடரும். நலமுள்ள பெரியவர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகட்கு 200 மில்லிகிராம் வரை கவலைக்கு இடமில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வரையறுத்தது.

ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த நம் வேளச்சேரி, இன்று தரமணிக்கும் பெருங்குடிக்கும் இரவுப்பணி செல்லும் இளைஞர்களின் குடியிருப்பாகிவிட்டது. அவர்களும் விழித்திருக்கவே பருகுகிறார்கள். காப்பி, தேநீர், கோலா, டப்பாக்களில் வரும் ஊக்க பானங்கள் யாவும் ஒரே கணக்கில்தான் சேருகின்றன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பகலில் உறங்கவேண்டிய அவர்கள், விடியற்காலையில் பருகும் கடைசிக் கோப்பையால் அவ்வுறக்கத்தையும் இழக்கின்றனர்.

நோன்பின் முதல் நாள்களில் வரும் தலைவலியைப் பசியின்மேல் மட்டும் சுமத்துகிறோம். வழக்கமான காஃபீன் திடீரென நின்றுபோவதாலும் அது வரும். ஷஃபான் மாதத்திலேயே கோப்பைகளைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால், அத்துன்பம் பெரிதும் தணியும். நம் இல்லங்களில் இப்பழக்கத்தை இவ்வாண்டே தொடங்கலாமே!