ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்கா

நியூசிலாந்தின் தென்தீவில், வடகோடியை ஒட்டிய கடலோரப் பூங்கா. பரப்பு சுமார் 237 சதுர கி.மீ.; அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியது.

சுமார் 60 கி.மீ. நீளும் கடலோர நடைபாதைதான் இதன் உயிர். 3 முதல் 5 நாள் நடக்க வேண்டும். கிரானைட் பாறை தேய்ந்து உண்டான பொன்னிற மணல், கரைவரை இறங்கிவரும் காடு, நடுவே சிற்றோடைகள். அவரோவா கழிமுகத்துக்குப் பாலம் இல்லை. கடல் நன்றாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பிருந்து இரண்டு மணி பின்புவரைதான் அதைக் கடக்கலாம். ஓத அட்டவணை பார்க்காமல் கிளம்பவே கூடாது.

1642 டிசம்பரில் டச்சு மாலுமி டாஸ்மனின் கப்பல்கள் அருகே நங்கூரமிட்டன. அங்கு வாழ்ந்த மாவோரிகளுடன் மோதல் மூண்டு, அவருடைய ஆட்கள் நால்வர் இறந்தனர். டாஸ்மன் கரையிறங்காமலே திரும்பினார். ஆயினும், மாவோரிகள் தலைமுறைகளாக வாழ்ந்த இந்நிலத்துக்கு, அவர் வருகையின் 300ஆம் ஆண்டான 1942இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. பூங்கா அமைய ஓயாமல் போராடியவர் பறவை ஆய்வாளர் பெரின் மான்கிரீஃப். அவர் பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

2016இல் அவரோவா கடற்கரையின் தனியார் நிலம் விற்பனைக்கு வந்தபோது, சுமார் 40,000 பேர் இணையவழி நன்கொடை அளித்து, அரசின் சிறு உதவியுடன் அதை வாங்கிப் பூங்காவோடு சேர்த்தனர்.