டவரின் மரத்தக்கை

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவோட பழைய டீசல் ஜீப்புக்கு மெயின் பேரிங் மாற்றினோம். வீடு வந்து சேர்வதற்குள் கிராங்க் பிடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால், துளையும் காடியும் உள்ள மேல் செல் கீழேயும், காடியில்லாத கீழ் செல் மேலேயும் இருந்தன. பிளாக்கிலிருந்து ஆயில் வரும் துளை அடைபட்டுப் போயிருந்தது. "ரெண்டு செல்லுலயும் துளை, காடி போட்டுட்டா மாத்திப் போட்டாலும் பிரச்சினை வராதே?" என்று அப்பா கேட்டார். நான் பிஇ மெக்கானிக்கல்தான். ஆனா பதில் தெரியலை.

தேடிப் போனதில், விடை 1883-லேயே இருந்தது.

பிரிட்டனின் மெக்கானிக்கல் பொறியாளர் சங்கத்துக்காக உராய்வை ஆராய்ந்தவர் பீச்சம் டவர். ரயில் அச்சு பேரிங்கில் இருப்பதுபோல, சுழலும் தண்டின் மேல் பாதியில் பித்தளை பேரிங். அதன் மேல் பாரம். தண்டின் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருந்தது. எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். தண்டு சுழன்றதும், உள்ளே போகவேண்டிய எண்ணெய் துளை வழியாக வெளியே வழிந்தது! கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரத்தக்கை அடித்தார், அதுவும் மெல்ல வெளியே வந்தது.

பிறகு அழுத்தமானியைப் பொருத்தினார். பேரிங் மீதான சராசரி பாரம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். முள்ளோ 200-ஐத் தாண்டி ஓடியது. அதாவது, உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை; பேரிங் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தது.

ஏன் என்பதை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். பேரிங்கின் விட்டம் தண்டைவிடத் துளி பெரிசு. பாரம் ஏறினால் தண்டு நடுவிலிருந்து கொஞ்சம் விலகும். இடைவெளி ஒரு பக்கம் குறுகி ஆப்பு வடிவம் ஆகும். சுழலும் தண்டு தன்னோடு ஒட்டிய எண்ணெயை அந்தக் குறுகலுக்குள் இழுத்துத் திணிக்கிறது. அந்த அழுத்தம்தான் பாரத்தைத் தாங்குகிறது. பம்பு எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கும். பாரத்தைத் தூக்குவது இந்த ஆப்புதான்.

இப்போ அப்பாவின் கேள்விக்கு வருவோம். சிலிண்டரில் எரியும் வாயு தள்ளுவதால் பெரிய பாரம் விழுவது கீழ் செல்லில். அங்கே காடி வெட்டினால் படலம் இரண்டு குறுகிய பட்டைகளாகப் பிரியும். அழுத்தம் காடி வழியாகக் கசிந்துவிடும். டவரின் துளை செய்ததும் இதேதான். அதனால்தான் பெரும்பாலான இன்ஜின்களில் காடி மேலே, வழவழப்பு கீழே.

அப்பாவிடம் சொன்னேன். அடுத்த முறை செல் மாட்டும்போது மெக்கானிக் பக்கத்திலேயே நின்றார்.