‘பில்ஸ்னா’ கப்பலும் ஓர் அடுக்கெண்ணும்

சான்பாடாவிலிருந்து துறைமுக வழித்தட இரயிலில் செல்லும்போதெல்லாம் 1930 ஜூலை 31 நினைவுக்கு வரும். அன்று பம்பாயில் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், வெண்குறு விண்மீன் பற்றிய ஃபௌலரின் 1926ஆம் ஆண்டுக் கோட்பாட்டில் விடுபட்டதொன்றைப் பயணத்தில் கண்டார்: அடர்ந்த மையத்தில் எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்குகின்றன. சார்பியலைச் சேர்த்தால், அழுத்தம் அடர்த்தியின் 5/3ஆம் அடுக்கிலிருந்து 4/3ஆம் அடுக்குக்குத் தளர்கிறது. ஒரு நிறைக்குமேல் ஈர்ப்பைத் தாங்க அது போதாது. 1931இல் அவர் வெளியிட்ட எல்லை 0.91 சூரிய நிறை.

கப்பல் கதையை விரும்புவோர் (நானும்தான்) ஆண்டர்சனையும் ஸ்டோனரையும் மறந்துவிடுகிறோம். சார்பியல் திருத்தத்தை முன்பே செய்தவர்கள் அவர்கள். ஆனால் சீரான அடர்த்தியுள்ள கோளத்தையே எடுத்துக்கொண்டார்கள். விண்மீனின் உள்ளமைப்போடு அதனை இணைத்தவர் சந்திரசேகர். 1935 ஜனவரி 11 அன்று எடிங்டன் மறுத்தது அந்த எல்லையை மட்டுமன்று. அதற்கு அடிப்படையான வாயுச் சமன்பாட்டையே.