சிறகின் கோணமும் குளவிக் கூடும்

1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள்களின் பின் திருகோணமலையும் தாக்குண்டது. இலங்கைத் தீவைக் காத்தற்பொருட்டு அதன் காட்டுப் பகுதிகளிலே புதிய விமானத் தளங்கள் எழுந்தது அக்காலத்தில்தான். அவற்றுள் ஒன்று வன்னியின் வாயிலாக விளங்கும் வவுனியாவில் அமைந்தது. மாட்டு வண்டியும் புகைவண்டியுமே கண்டிருந்த ஊரின்மேல் இரட்டை எஞ்சின் விமானங்களின் முழக்கம் கேட்கலாயிற்று.

1943 ஆம் ஆண்டில் பிரித்தானிய விமானப் படையின் 22 ஆம், 217 ஆம் அணிகள் இங்குத் தங்கியிருந்தன. அவை செலுத்தியவை பியூபோட் என்னும் விமானங்கள். கப்பல்களின்மீது டொர்பீடோ எறிவதற்கென ஆக்கப்பட்ட அவ்விமானம் ஒவ்வொன்றிலும் நால்வர் செல்வர். விமானியின் முன்னிருந்த பலகையிலே வேகங் காட்ட ஒரு முள் உண்டு. உயரங் காட்ட ஒரு முள் உண்டு. எண்ணெய்க்கும் எஞ்சினுக்கும் தனித்தனி முட்கள் உண்டு. ஆயின், தன்னைத் தாங்கி நிற்கும் சிறகு எக்கோணத்திற் காற்றை எதிர்கொள்கின்றது என்பதைக் காட்ட ஒரு முள்ளும் இல்லை. விமானியின் உயிரோ அந்தக் கோணத்திலேதான் தங்கியிருந்தது.

இதனை விளங்கிக்கொள்ளப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயல்வெளியிலே பட்டம் விடும் சிறுவன் இதனை நன்கறிவான். பட்டத்துக்கு முச்சை கட்டும்போது அவன் செய்வது யாது? காற்றுக்குப் பட்டம் எவ்வளவு சாய்ந்து முகங்கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றான். சாய்வு போதாவிடில் பட்டம் எழாது. மிகுந்துவிடின் தத்தளித்து வீழும். விமானத்தின் சிறகுக்கும் இஃதே விதி. சிறகுக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடைப்பட்ட இச்சாய்வைத் தாக்குகோணம் என்பர். கோணம் ஏற ஏறத் தூக்குவிசையும் ஏறும். ஏறத்தாழ 15 பாகையைக் கடந்ததும் சிறகின் மேற்புறத்தைத் தழுவிச் சென்ற காற்று அதனை விட்டுப் பிரிகின்றது. தூக்குவிசை சட்டெனக் குறைகின்றது. எஞ்சின் எவ்வளவு முழங்கினாலும் விமானம் சரியும். விமானிகள் இதனை ‘ஸ்டோல்’ என்பர். இரணைமடுக் குளக்கரையில் நாரையொன்று இறங்குவதைக் கூர்ந்து பார்ப்பவர், அது சிறகை நிமிர்த்தி இவ்வெல்லைவரை சென்று, நிலத்தை அணுகும் கணத்திலே வேகத்தை இழப்பதைக் காணலாம். பறவைக்கு அக்கோணத்தை உணர்த்த இறகுகள் உண்டு. மனிதனுக்கு அந்த உணர்வு இல்லை.

இந்த இல்லாமைக்கு முதலில் உயிர்ப்பலி கொடுத்தோருள் ஒருவர் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால். தாமே ஆக்கிய மிதவைச் சிறகுகளிலே ஏறிப் பலமுறை பறந்தவர் அவர். 1896 ஓகஸ்ட் 9 ஆம் நாள் அவருடைய சிறகு காற்றின் பிடியை இழந்தது. வீழ்ந்தவர் மறுநாள் மாண்டார். அச்செய்தி அமெரிக்காவிலே சைக்கிள் கடை வைத்திருந்த றைற் சகோதரரின் உள்ளத்திற் பதிந்தது. ஏற்றச் சுக்கானை விமானத்தின் முன்புறத்தில் அவர்கள் அமைத்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். 1903 டிசம்பர் 17 இல் அவர்களது விமானம் முதன்முறை எழுந்து 12 வினாடி பறந்தது. காற்றின் போக்கை அறியப் பிற்காலத்தில் அவர்கள் விமானத்தின் முன்னே கட்டியது ஒரு நூல் துண்டு. அதனினும் மலிவான விமானக் கருவி இன்றுவரை தோன்றவில்லை எனலாம்.

தம் கையால் விமானம் அமைக்கும் ஆசை தமிழ் நாட்டையும் அக்காலத்திலேயே எட்டிவிட்டது. சென்னையில் ஹோட்டல் நடத்திய கோர்சிக்காத் தீவினரான ஜியாக்கொமோ டி ஏஞ்செலிஸ் என்பவர், தாமே வரைந்த திட்டத்தைக் குதிரை வண்டி செய்வதிற் பெயர்பெற்ற சிம்சன் தொழிற்சாலையாரிடம் கொடுத்து ஒரு விமானம் செய்வித்தார். 1910 ஆம் ஆண்டில் அது பல்லாவரத்திலே பறந்தது. வண்டித் தச்சரின் உளியும் இழைப்புளியும் வானூர்தி ஒன்றை ஆக்கிய செய்தி பலரும் அறியாதது.

அமெரிக்க இராணுவத்திலோ விபத்துகள் பெருகின. விமானிகள் மூக்கை அளவுக்கு மிஞ்சி உயர்த்துவதே காரணம் என ஓர்வில் றைற் கருதினார். தமையனை 1912 இல் இழந்திருந்த அவர், 1913 ஆம் ஆண்டிலே தாக்குகோணங் காட்டும் கருவி ஒன்றை உருவாக்கினார். கருவி நல்லதே, ஆயினும் அது பரவவில்லை. வேகங் காட்டும் முள்ளே போதும் என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. விமானக் கலையின் வரலாற்றிலே இதனை ஒரு பெருந்தவறு என்றே கூறவேண்டும். ஏனெனில், ஆபத்தான வேகம் என ஒன்று நிலையாக இல்லை. நேராகப் பறக்கையில் மணிக்கு 50 கடல்மைல் வேகத்திலே ஸ்டோல் ஆகும் சிறு விமானம், 60 பாகை சரிந்து திரும்புகையில் 70 கடல்மைல் வேகத்திலேயே அந்நிலையை அடையும். பாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அவ்வேகம் பத்தில் ஒரு பங்களவு கூடும். மூக்கு நிலத்தை நோக்கியிருக்கும்போதுகூடச் சிறகு பிடி இழக்கலாம். மாறாதது கோணம் ஒன்றே.

1946 அளவிலே லெனாட் கிறீன் என்னும் அமெரிக்கர், சிறகின் முன்விளிம்பிற் பொருத்தும் சிறு நாக்கு ஒன்றினால் ஆபத்து நெருங்குவதை ஒலித்துக் காட்டும் கருவியைத் தந்தார். 1953 இல் வீட்டிலே விமானம் அமைப்போர் அங்குச் சங்கம் கண்டனர். அவர்களே பிற்காலத்தில் கோணங் காட்டும் கருவியை விருப்போடு ஏற்றனர். அதன் அமைப்பு எளியது. காற்றுக்குத் திரும்பும் தகடொன்று ஒருவகை. மேலும் கீழும் துளையிட்ட குழல் மற்றொருவகை. இரு துளைகளின் அமுக்க வேறுபாடே கோணத்தைக் கூறிவிடும். உற்பத்திச் சாலை விமானங்களில் இக்கருவியைச் சேர்த்துக்கொள்ளும் விதிகளை அமெரிக்க அரசு தளர்த்தியது 2014 இல்தான். சொந்தக் கையால் விமானம் கட்டியோர் அதற்குப் பன்னெடு நாள் முன்பே இதனைப் பொருத்திவிட்டனர்.

வன்னியிற் சிறுவிமானம் என்றவுடன் அண்மைப் போர் நினைவுக்கு வருதல் இயல்பு. விடுதலைப் புலிகள் வன்னியில் மறைத்து வைத்துப் பேணிய ஸ்லின் 143 விமானங்கள், 2007 மார்ச் 26 ஆம் நாள் இரவில் கட்டுநாயக்கத் தளத்தைத் தாக்கின. 2009 பெப்ரவரி 20 ஆம் நாள் இரவு கொழும்பை நோக்கி வந்த இரண்டும் வீழ்ந்தன. ஒன்று நகரின் நடுவே இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. பயிற்சிக்கென்று செக் நாட்டார் ஆக்கிய நால்வர் விமானம் அது. அப்போரின் கதை நீண்டது, கொடியது, இங்குச் சொல்லுதற்குரியதன்று.

இனிப் பேணுதலைப் பற்றி. வெப்ப நாட்டிலே விமானத்தின் முதற்பகைவன் எதிரியின் துப்பாக்கியன்று. சோளகம் வீசும் மாதங்களிற் புழுதி; வாடைக்காற்று மாரியைக் கொண்டுவருகையில் ஈரம்; ஆண்டு முழுவதும் கறையானும் குளவியும். நுளம்பு என்று பொருள்படும் மொஸ்கிற்றோ என்னும் மரவிமானங்கள், சிறகு முறிந்த விபத்துகளினால் 1944 இன் இறுதியில் இந்தியாவிலே நிலத்தில் நிறுத்தப்பட்டு ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. பசையும் மரமும் பொருந்திய விளிம்புகளே ஐயத்துக்கு உள்ளாயின. மரத்தாலும் துணியாலும் விமானம் கட்டுவோர் இன்றும் முதலிற் பார்ப்பது அவ்விளிம்புகளையே.

கருவிக் குழாய்கள் அதனினும் நுண்ணியவை. வெயிலிற் கிடந்த நெகிழிக் குழாய் இறுகி வெடிக்கும்; மழைநீர் உள்ளே தங்கும்; கை பட்டு வளைந்த தகடு பொய் சொல்லும். மண்குளவிக்கோ ஒரு குழாயை அடைக்கச் சிறிது சேறு போதும். 1996 பெப்ரவரி 6 ஆம் நாள், டொமினிக்கன் குடியரசிலிருந்து எழுந்த விமானமொன்று கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். அது சில வாரங்கள் குழாய் மூடப்படாமல் நின்ற விமானம். வேகங் காட்டும் குழாய் அடைபட்டிருந்தது என்றும், அடைத்தது குளவிக் கூடாயிருத்தல் கூடும் என்றும் விசாரணையாளர் கருதினர். 2009 யூன் 1 ஆம் நாள் அத்திலாந்திக் கடலில் வீழ்ந்த பிரெஞ்சு விமானத்தின் குழாய்களை அடைத்தது பனிக்கட்டி. வேகத்தை இழந்த கருவியைப் பார்த்துக் குழம்பிய விமானிகள் மூக்கை உயர்த்தியே வைத்திருந்தனர். சிறகின் கோணம் 35 பாகையைக் கடந்தது. 228 உயிர்கள் போயின. கோணங் காட்டும் கருவியை விமானியின் கண்முன் வைப்பது பற்றி ஆராயுமாறு விசாரணையாளர் பரிந்துரைத்தனர்.

கோணங் காட்டுங் கருவியும் பேணப்படாவிடிற் கொல்லும். 2018 ஒக்டோபர் 29 ஆம் நாள் யாவாக் கடலில் வீழ்ந்த போயிங் 737 மக்ஸ் விமானத்தில், பழுதுபார்த்துப் பொருத்திய கோண உணரி ஏறத்தாழ 21 பாகை பிழைபட்டிருந்தது. அதன் சொல்லை நம்பிய தன்னியக்கம் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது. அதிலும் மாண்டவர் 189 பேர்.

அதே ஆண்டு யூலை 18 ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில் நிகழ்ந்தது வேறுவகை. அங்கே குளவித் தொல்லை பெரிது. ஆதலால் தரையில் நின்ற மலேசிய விமானத்தின் குழாய்களுக்குச் சிவப்பு நாடா தொங்கும் உறைகள் இடப்பட்டன. அவற்றைக் கழற்ற மறந்தனர். வேகங் காட்டும் முட்கள் பொய்யென்பது பின்னரே தெரிந்தது. விமானிகள் அவற்றை விட்டு, தாக்குகோணத்தைக் கொண்டு இயங்கும் மாற்று அளவியை நோக்கிச் செலுத்தி, இரவிலே அந்நிலையத்திலேயே விமானத்தை இறக்கினர். அதில் இருந்தோர் அனைவரும் உயிர் தப்பினர்.