கார்த்திகை தீபமும் ஜெனரேட்டரும்

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. அன்னிக்குத் திருக்கார்த்திகை. வீட்டுக்கு வீடு அகல் விளக்கு வைக்க வேண்டிய சாயங்காலம், ஒரு விளக்குகூட நிக்கல. மத்தியானத்துக்கு மேல வர்தா புயல் சென்னைப் பக்கம் கரை ஏறுச்சு. வர்தான்னா ரோஜாப்பூவாம், பாகிஸ்தான் கொடுத்த பேரு. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல காத்து. மரம், கம்பம், கம்பி எல்லாம் சாஞ்சு நம்ம காஞ்சிபுரம் மாவட்டமும் இருட்டாயிடுச்சு. எங்க ஊருக்குக் கரண்டு திரும்ப ஆறு நாள் ஆச்சு.

இருட்டு நமக்குப் புதுசு இல்ல. எங்க அப்பா காலத்துல ஏத்தமும் கவலையும்தான். அப்புறம் டீசல் எஞ்சின் வந்துச்சு. ஹேண்டில் போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்ணா, அடுத்த கழனி வரைக்கும் டுப்பு டுப்புன்னு கேக்கும். காஞ்சிபுரத்துல சாமி புறப்பாட்டுக்கு முதல்ல தீவட்டி, பிறகு பெட்ரோமாக்ஸ், அதுக்கப்புறம்தான் பின்னால தள்ளிட்டு வர்ற ஜெனரேட்டர் வண்டி. சின்ன வயசுல நான் சாமியைப் பாத்ததைவிட அந்த வண்டியைப் பாத்ததுதான் அதிகம்.

1957-ல தமிழ்நாட்டுக்குன்னு மின்சார வாரியம் அமைஞ்சுது. கம்பி கிராமத்துக்கு வந்துச்சு. 1984-ல சிறு விவசாயிக்கு இலவச மின்சாரம், 1990-ல எல்லா விவசாயிக்கும். அதோட பம்புசெட் மோட்டாரை நம்பி, பல பேர் பழைய எஞ்சினை இரும்புக் கடைக்குப் போட்டாங்க. நாங்களும் போட்டோம். 2008-க்கு அப்புறம் மின்வெட்டு ஆரம்பிச்சு, 2012-ல பகல் ராத்திரின்னு பாக்காம கரண்டு போச்சு. அப்பதான் ஊர்ல இன்வெர்ட்டரும் சின்ன ஜெனரேட்டரும் வந்துச்சு. நானும் பழசா ஒண்ணு பெட்ரோல்ல ஓடுறது வாங்கினேன்.

வர்தா வந்தப்ப இன்னொரு கஷ்டமும் சேந்துச்சு. நவம்பர் 8-ந்தேதிதான் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சிருந்தாங்க. ஏ.டி.எம்-ல ஒரு நாளைக்கு 2500 ரூபாய்தான், அதுவும் கரண்டு இல்லாம மூடிக் கிடந்துச்சு. பெட்ரோல் வாங்கக் கையில சில்லறை இல்ல. 2000 ரூபாய் நோட்டை நீட்டினா பங்க்ல முகத்தைத் திருப்பிக்குவாங்க. அதனால ஜெனரேட்டரை ராத்திரி ரெண்டு மணி நேரம் மட்டும் ஓட்டினேன். தெருவே போனைத் தூக்கிட்டு வந்துச்சு. பக்கத்து வீட்டு நெசவாளி அண்ணனும் வந்தாரு. குழித்தறி பள்ளத்துல தண்ணி இறங்கியிருந்துச்சு. பட்டுப் பாவு ஈரம் பட்டா இழை இழுக்கும். தை மாசக் கல்யாணப் புடவை அது. ஒரு பல்பு வெளிச்சத்துல ராத்திரியெல்லாம் தண்ணியை மொண்டு ஊத்தினாரு. அவருக்கு வெளிச்சம் கொடுத்தோமேன்னு எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமை நாலாம் நாள் போச்சு. கம்பம் நடறதுக்கு வேற மாவட்டத்துல இருந்தெல்லாம் ஆளுங்க வந்திருந்தாங்க. சாயங்காலம் ஒரு லைன்மேன் தம்பி, கோயமுத்தூர்ப் பேச்சு, வேர்த்துப் போய் வாசல்ல வந்து நின்னாரு.

“ஏனுங்ண்ணா, ஜெனரேட்டர் உங்க வீட்டுலயாங்க ஓடுது?”

“ஆமாப்பா.”

“மெயினை ஆஃப் பண்ணுனீங்களா?”

நான் பேசல. ரெண்டு முனையிலயும் பிளக் வச்ச ஒயரைச் செவுத்துப் பாயிண்டுல சொருகியிருந்தேன். மெயினை இறக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

“கை வைக்கறதுக்கு முன்னால டெஸ்டர் வச்சுப் பார்த்தனுங்க. எரிஞ்சுது. வைக்காம இருந்திருந்தா?” அவ்வளவுதான் சொன்னாரு. திட்டக்கூட இல்ல.

அப்புறம்தான் விளங்குச்சு. வீட்டுக்கு உள்ள வர்ற அதே ஒயர் வழியா, நம்ம ஜெனரேட்டர் கரண்டு வெளிய கம்பத்துக்கும் போகும். டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரியாது. 11,000 வோல்ட்டைக் குறைச்சு நமக்கு 230 ஆக்கித் தர்ற அதே பொட்டி, நாம 230 அனுப்பினா மறுபக்கம் ஆயிரக்கணக்குல ஏத்திவிட்டுடும். கரண்டு இல்லன்னு நம்பிக் கம்பத்துல ஏறுறவன் நிலைமை என்ன?

மறுநாளே ஜெனரேட்டரைத் தனியா வச்சு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல நேரா பல்பு மாட்டினேன். அடுத்த அறுவடைப் பணத்துல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்டேன். அது ஒரு பக்கம் திரும்பினா வாரியக் கரண்டு, மறுபக்கம் திரும்பினா ஜெனரேட்டர். ரெண்டும் ஒண்ணா சேராது. இன்னொண்ணும் சொல்றேன். மழைன்னு ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள, திண்ணையில வச்சு ஓட்டாதீங்க. அந்தப் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும்.

நெசவாளி அண்ணன் அந்தப் புடவையைத் தை மாசத்துக்குள்ள முடிச்சுட்டாரு. லைன்மேன் தம்பி பேரு நான் கேக்கல. ஒவ்வொரு கார்த்திகைக்கும் அகல் ஏத்தும்போது அந்த முகம் ஞாபகம் வரும். மெயின் ஸ்விட்சை ஒரு தடவை பாத்துட்டுத்தான் உக்காருவேன்.