காவலும் கேண்மையும்

திருப்பூணித்துறையில் வாழும் தமிழர் ஆண்டுதோறும் அத்தச்சமயம் கண்டிருப்பர். முன்னாளில் அது கொச்சி மன்னரின் பவனி. படையும் பரிவாரமும் சூழ மன்னர் வருவார்; குடிகள் ஒதுங்கி நின்று காண்பர். 1949-இல் கொச்சி திருவிதாங்கூருடன் இணைந்தபின் அது நின்றது. 1961-இல் மீண்டும் தொடங்கியபோது மக்கள் விழாவாக மலர்ந்தது. காவல் என்னும் பணியும் இவ்வாறே மக்களை நாடி வந்த வரலாறு ஒன்றுண்டு.

ஊர்க் காவலுக்காகச் செலுத்திய 'பாடிகாவல்' வரியைச் சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. பிற்காலத்தில் தென்பாண்டி நாட்டில் காவற்காரர் ஊராரிடம் கூலி பெற்றுக் காத்தனர். களவு போன பொருளை மீட்டல் வேண்டும். இயலாவிடில் ஈடு தருதல் வேண்டும். ஏற்பாடு நல்லதே. ஆயினும் காவற்காரரைத் தட்டிக் கேட்பார் இல்லாதபோது, கூலி கொடாத ஊரில் களவு மிகுந்தது. களவு போன மாட்டைத் 'துப்புக்கூலி' கொடுத்து மீட்கும் நிலை வந்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்திற்குப் போலீஸ் படையைத் தந்தது; அதுவோ மக்களுக்கு அயலாகவே நின்றது.

அவ்விடைவெளியைக் குறைக்க 1993-இல் இராமநாதபுரத்தில் 'போலீஸ் நண்பர்கள்' இயக்கம் தோன்றியது. கேரளம் 2008 மார்ச்சு 26-இல் 20 காவல் நிலையங்களில் 'ஜனமைத்ரி' திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 500 வீடுகளுக்கு ஒரு காவலர். வீட்டுக்கு ஒருவரையேனும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். ஊரார் அடங்கிய குழுவொன்று நிலையத்தாருடன் கூடி ஊர்க் குறைகளை ஆராயும். போதைப்பொருளை எதிர்க்க 2016-இல் கலால் துறையின் 'விமுக்தி' இயக்கம் எழுந்தது. வார்டு தோறும் குழு, அதில் குடும்பஸ்ரீ மகளிர்க்கும் மாணவர்க்கும் பங்கு.

எனினும் எச்சரிக்கையும் வேண்டும். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்குண்டு மாண்டனர். போலீசாருக்குத் துணைநின்ற தன்னார்வலர் மீதும் புகார் எழவே, தமிழக அரசு அவ்வாண்டு ஜூலையில் போலீஸ் நண்பர்கள் அமைப்பைத் தடை செய்தது. பழைய காவற்காரர் கதை கூறியதும் இதுவே: கேள்வி கேட்க இயலாத கேண்மை கேண்மையன்று.

வெளியூரில் குடியேறிய நமக்கு இதில் தனிப் பொருள் உண்டு. தெருவில் களவு நேர்ந்தால் முதலில் ஐயுறப்படுபவன் முகமறியா அயலானே. அந்த 500 வீடுகளில் நம் வாடகை வீடும் ஒன்று. காவலர் வாயிலுக்கு வரும்போது பெயரைக் குறித்துச் செல்வதோடு நில்லாமல், குழுவில் நமக்கும் ஓர் இடம் அளித்தல் வேண்டும்; நாமும் அதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். பதிவேட்டில் பெயராய் மட்டும் இருப்பவன் அயலான்; உடனமர்ந்து பேசுபவனே ஊரான்.